வேலைத் தளங்களும் அறிமுகங்களும்: இரண்டையும் சேர்த்து வேலை தேடுவது எப்படி?

வேலை தேடும் பலர் இரண்டையும் செய்யத்தான் செய்கிறார்கள், ஆனால் தனித்தனியாக. காலையில் தளத்தின் முன் உட்கார்ந்து முப்பது விண்ணப்பம். மாலையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று ஒரு வாட்ஸ்அப். விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. தெரிந்தவர்கள் "கண்டிப்பா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறார்கள்.

எந்த நிறுவனத்தில் எந்தப் பணியிடம் காலியாக இருக்கிறது என்று தளம் சொல்லும். அந்த இடத்தை உண்மையிலேயே நிரப்பப் போகிறார்களா, ஆள் எடுப்பவர் யார், அவருக்கு என்ன அவசரம் என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். குறிப்பான ஒரு பணியிடத்தைச் சொல்லாமல் அவரிடம் எதையும் கேட்க முடியாது. அவரிடம் கேட்காமல் விண்ணப்பித்தால் பாதித் தகவலோடு விண்ணப்பிக்கிறீர்கள். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் நல்ல விளம்பரம் கண்ணில் படுகிற அன்றுதான் ரெஸ்யூமே எழுத உட்காருவீர்கள்.

பணிப்பெயர்கள், 4 முதல் 6 வரை. ஒரே வேலைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது. ஓரிடத்தில் டேட்டா அனலிஸ்ட் என்பதை இன்னோரிடத்தில் ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் என்றும், வேறோரிடத்தில் எம்.ஐ.எஸ். எக்சிகியூட்டிவ் என்றும் சொல்வார்கள். 15 விளம்பரங்களைத் திறந்து, தலைப்பை விட்டுவிட்டு, செய்ய வேண்டிய வேலை என்ன என்ற பகுதியை மட்டும் படியுங்கள். உங்களால் செய்ய முடிகிற வேலை எந்தெந்தப் பெயரில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தை நெடுக்காகப் பிரிக்காமல் ஒரே பத்தியாக ஓடும் ரெஸ்யூமே. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் ஏ.டி.எஸ். என்ற, விண்ணப்பங்களைப் பதிந்து கையாளும் மென்பொருளுக்குள் போகிறது. அது பக்கத்திலிருந்து எழுத்தை உருவி எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பும். இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவமைப்பில் இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். சோதிப்பது சுலபம்: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே உங்கள் பணி வரலாறு ஒழுங்காகப் படிக்க வந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் வரும். போன் எண்ணையும் மின்னஞ்சலையும் ஹெட்டர் பகுதிக்குள் வைக்காதீர்கள், சில மென்பொருள்கள் அதைத் தாண்டிப் போய்விடும்.

பதில் தாள். ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த மாதம், விலகிய மாதம், நோட்டீஸ் காலம், எதிர்பார்க்கும் சம்பளம், விலகக் காரணம், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய 2 பேர் ஆகியவற்றை ஒரே கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படிவங்கள் இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கும். ஓரிடத்தில் ஜூன் என்றும் இன்னோரிடத்தில் ஜூலை என்றும் எழுதினால், பின்னால் சான்றுகளைச் சரிபார்க்கும்போது அது கேள்வியாக வந்து நிற்கும்.

வேலைத் தேடலுக்கென்று தனி மின்னஞ்சல். தளங்கள் அனுப்பும் அறிவிப்புகளுக்கு நடுவே இன்டர்வியூ அழைப்பு புதைந்துபோகும். ஸ்பாம் பெட்டியைத் தினம் ஒருமுறை பாருங்கள்.

கணக்குத் தாள். எக்செல் ஷீட் ஒன்று போதும். நிறுவனம், பணிப்பெயர், ஜாப் ஐடி (விளம்பரத்தில் உள்ள பணியிட எண்), விளம்பரம் கண்ட தேதி, உள்ளே தெரிந்தவர், அவருக்கு எழுதிய தேதி, விண்ணப்பித்த தேதி, எந்த ரெஸ்யூமே, அடுத்து செய்ய வேண்டியது, அதற்கான தேதி என்று பத்து பத்திகள். ‘உள்ளே தெரிந்தவர்’ பத்திக்குப் பிறகுதான் ‘விண்ணப்பித்த தேதி’ வருகிறது, கவனியுங்கள். முன்னது காலியாக இருக்கும்போது பின்னதை நிரப்பக் கை தயங்க வேண்டும். அதற்காகவே இந்த வரிசை.

2. தளத்தைத் திறக்கும் முன் பெயர்ப் பட்டியல்

40 பெயர்கள் எழுதுங்கள். 40 பேரைத் தெரியாது என்று பலரும் சொல்வார்கள். நெருங்கிய நண்பர்களை மட்டும் எண்ணுவதால் அப்படித் தோன்றுகிறது. பழைய வேலையில் பக்கத்துக் குழுவில் இருந்தவர், கல்லூரி சீனியர், ஒரு பயிற்சி வகுப்பில் கூடப் படித்தவர், வாடிக்கையாளராக வந்துபோனவர், பொருள் சப்ளை செய்தவர், உங்களுக்கு மேலாளராக இருந்து வேறு நிறுவனத்துக்குப் போனவர் என்று யோசித்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

அரைகுறையாகத் தெரிந்தவர்களை விட்டுவிடாதீர்கள். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் வழியாக வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதம் பேர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள். 55.6 சதவீதம் பேர் எப்போதாவது சந்தித்தவர்கள், 27.8 சதவீதம் பேர் மிக அரிதாகச் சந்தித்தவர்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் நீங்கள் கேள்விப்படாத இடத்தில் இருக்கிறார். லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் இதைத்தான் உறுதிசெய்தது, ஒரு திருத்தத்தோடு: முற்றிலும் அந்நியமானவரைவிட, ஓரளவு பொது நண்பர்கள் உள்ள நடுத்தர அறிமுகமே அதிகம் உதவுகிறது.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் இப்போது எந்த நிறுவனம், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று குறியுங்கள். இப்போதைக்கு யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். கேட்பதற்குக் குறிப்பான விஷயம் இல்லாமல் எழுதினால் ஒரு நல்ல அறிமுகம் வீணாகும்.

3. தளங்களை அமைத்தல்

மூன்று வகைத் தளங்கள் உண்டு, மூன்றுக்கும் பயன் வேறு. இண்டீட் போன்று பல இடங்களின் விளம்பரங்களைத் திரட்டும் தளங்கள் சந்தையைக் காட்டும். லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளம், பணியிடத்தையும் அந்த நிறுவனத்தில் இருக்கும் ஆட்களையும் ஒரே இடத்தில் காட்டும். நிறுவனத்தின் சொந்த கரியர்ஸ் பக்கம் உண்மையைக் காட்டும்.

மூன்றாவதுதான் நம்பகமானது. திரட்டும் தளத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரம், நிறுவனத்தின் பக்கத்தில் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கலாம். எங்கே கண்டாலும், நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் அதே ஜாப் ஐடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தவரை அங்கேயே விண்ணப்பியுங்கள்.

பின்தொடர 20 நிறுவனங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் பாதியாவது உங்கள் 40 பேர் வேலை செய்யும் இடங்களாக இருக்கட்டும். இந்த இடத்தில்தான் இரண்டு பட்டியலும் முதன்முறையாகச் சேர்கின்றன. பணிப்பெயர் ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் வையுங்கள், தினசரி என்று. பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் பல தளங்களில் அந்தச் சொற்றொடர் அப்படியே உள்ள விளம்பரங்கள் மட்டும் வரும். தேடலில் ‘கடந்த 24 மணி நேரம்’ என்ற வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். ஒரு மாதமாக இருக்கும் விளம்பரத்தில் பெரும்பாலும் ஆட்களைச் சலித்து முடித்திருப்பார்கள்.

ப்ரொஃபைல் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் எழுதும் செய்தியைப் படிப்பவர் அடுத்து செய்வது உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான். தலைப்பு வரியில் ‘வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று எழுதி இடத்தை வீணாக்காமல், செய்யும் வேலையையும் துறையையும் எழுதுங்கள். ரெஸ்யூமேயில் உள்ள தேதிகளும் ப்ரொஃபைலில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்கட்டும்.

4. விளம்பரம் கண்டதும்: முதல் 48 மணி நேரம்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. நல்ல விளம்பரம் கண்டதும், தளத்திலேயே சட்டென்று விண்ணப்பிக்க உதவும் ‘ஈசி அப்ளை’யைத் தட்டிவிட்டு, பிறகு தெரிந்தவரைத் தேடுகிறார்கள். பல நிறுவனங்களில் அப்போதே காரியம் கெட்டுவிடுகிறது. ஊழியர் தங்கள் உள்தளத்தில் உங்கள் பெயரைப் பதிந்தால் உங்களுக்கு ஒரு லிங்க் வரும், அதன் வழியாக விண்ணப்பித்தால்தான் ரெஃபரல், அதாவது ஊழியர் பெயர் கொடுத்த விண்ணப்பம், என்று கணக்கில் ஏறும். நீங்கள் முன்கூட்டியே நேரடியாக விண்ணப்பித்திருந்தால் உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே அங்கே இருக்கும், அவர் பதியப் போனால் அமைப்பு ஏற்காது. ஏற்றாலும் அவருக்கு வர வேண்டிய ஊக்கத்தொகை வராமல் போகலாம். உதவ வந்தவரைக் கையைப் பிசைய வைக்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் விளம்பரத்தின் முழு எழுத்தையும் காப்பி செய்து உங்கள் கோப்பில் சேமியுங்கள். லிங்க்கை மட்டும் வைத்தால் போதாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் நாளில் விளம்பரத்தை எடுத்திருப்பார்கள், எதைக் கேட்டிருந்தார்கள் என்று பார்க்கவே வழியிருக்காது.

அடுத்து, கட்டாயத் தகுதிகளைப் பாருங்கள். குறைந்தபட்ச அனுபவம், உரிமம், பணி அனுமதி போன்றவற்றுக்குப் படிவத்தில் ஆம்/இல்லை கேள்வி இருக்கும். தவறான பதில் விழுந்தால் மனிதக் கண் படாமலே நிராகரிக்கும்படி அதை அமைத்திருக்கலாம். அதில் ‘இல்லை’ என்று வருமானால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், ஓர் அறிமுகத்தை இதற்குச் செலவழிக்காதீர்கள்.

பிறகு உங்கள் 40 பெயர்களில் அந்த நிறுவனத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் லிங்க்ட்இன்னில் நிறுவனப் பக்கத்தைத் திறந்து, அங்கே வேலை செய்பவர்களில் உங்களுக்கு இரண்டாம் நிலைத் தொடர்பில் இருப்பவர்களைப் பாருங்கள், அதாவது நடுவில் ஒரே ஒரு பொது அறிமுகம் உள்ளவர்கள். கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதி இருக்கும், அதிலும் நிறுவனப் பெயரை இட்டுத் தேடலாம். எச்.ஆர். தலைவரைத் தேட வேண்டாம். அந்தக் குழுவில், நீங்கள் சேரப்போகும் நிலையிலோ அதற்கு ஒரு படி மேலோ இருப்பவரே சரியான ஆள். அவருக்கு வேலை தெரியும், பதில் எழுத நேரமும் இருக்கும்.

ஒருவருக்கு எழுதுங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் ஐந்து பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் அவர்கள் மதிய உணவில் பேசிக்கொள்வார்கள்.

48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள். கடைசித் தேதி நாளைக்கு என்றால் காத்திருக்கவே வேண்டாம். விண்ணப்பித்த பின்னும் பேசலாம். விளம்பரம் மூடிவிட்டால்தான் பேசிப் பயனில்லை.

ஏஜென்சி ஆட்கள் அழைத்தால், எந்த நிறுவனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ரெஸ்யூமே அனுப்பச் சம்மதியுங்கள். ஒரே இடத்துக்கு ஏஜென்சி வழியாகவும் ரெஃபரல் வழியாகவும் உங்கள் பெயர் போனால், யாருக்குக் கட்டணம் என்ற தகராறுக்குப் பயந்து சில நிறுவனங்கள் உங்களையே ஒதுக்கிவிடும்.

5. என்ன எழுதுவது

தினமும் அனுப்பப்படும் செய்தி இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

மரியாதையில் குறையில்லை, ஆனால் படிப்பவர் தலையில் நான்கு வேலை ஏறுகிறது: ரெஸ்யூமேயைப் படிக்க வேண்டும், உங்களுக்கு எது பொருந்தும் என்று யோசிக்க வேண்டும், உள்ளே தேட வேண்டும், யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்.

இதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. கல்லூரியில் உங்களுக்கு இரண்டு பேட்ச் பின்னால் படித்தேன், சிம்போசியம் குழுவில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். உங்கள் நிறுவனத் தளத்தில் சப்ளை செயின் அனலிஸ்ட் இடம் ஒன்று பார்த்தேன், ஜாப் ஐடி 4471. மூன்று வருடமாகக் கிடங்கு இருப்புக் கணக்கைப் பார்த்துவருகிறேன். விண்ணப்பிக்கும் முன் இரண்டு விஷயம் கேட்க ஆசை: இது புதிதாக உருவான இடமா, ஒருவர் விலகியதால் வந்ததா? தினசரி வேலையில் எக்செல் அதிகமா, எஸ்.ஏ.பி. அதிகமா? இந்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா? நேரமில்லை என்றாலும் பரவாயில்லை, இங்கேயே இரண்டு வரி போதும்."

எப்படித் தெரியும், எந்த இடம், ஏன் பொருத்தம், என்ன கேள்வி, எவ்வளவு நேரம் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ரெஃபரல் கேட்கவில்லை, ரெஸ்யூமேயும் இணைக்கவில்லை. முதல் செய்தியிலேயே ரெஃபரல் கேட்டால் அவர் ஆம் அல்லது இல்லை என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். முடிவெடுக்கத் தயங்குபவர் மௌனமாகிவிடுவார். கேள்விக்குப் பதில் சொல்வது எளிது, தொடங்கிவிட்டால் பேச்சு நீளும்.

லிங்க்ட்இன் அழைப்போடு குறிப்பு எழுதுவதானால் இடம் குறைவு, 200 எழுத்துகளுக்குள் அடக்குங்கள். தமிழில் எழுதும்போது துணைக்குறிகளும் தனி எழுத்தாக எண்ணப்படும். ‘கோ’ என்பது இரண்டு. அறிமுகத்தையும் ஜாப் ஐடியையும் மட்டும் எழுதிவிட்டு, மற்றதை அவர் ஏற்றபின் எழுதுங்கள். முன்பின் தெரியாதவரை ‘ப்ரோ’ என்று தொடங்க வேண்டாம்.

இதைச் சிபாரிசு பிடிப்பது என்று நினைத்துக் கூச்சப்படுபவர்கள் நிறைய. சிபாரிசு என்றால் தகுதியைப் பார்க்காமல் இடம் வாங்கித் தருவது. ரெஃபரலில் உங்கள் ரெஸ்யூமே குவியலிலிருந்து எடுத்துப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இன்டர்வியூ எல்லாருக்கும் போலத்தான் நடக்கும். நிறுவனங்களே ஊழியர்களிடம் கேட்டு வாங்கும் விஷயம் இது, கூச்சம் வேண்டாம்.

6. பேசும் 15 நிமிடம்

கேட்க வேண்டியவை நான்கு. இந்த இடம் ஏன் வந்தது? சேருபவர் முதல் மூன்று மாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? ஏற்கெனவே உள்ளேயே ஆள் முடிவாகிவிட்டதா? விளம்பரத்தில் உள்ள பட்டியலில் எது உண்மையிலேயே முக்கியம்?

இரண்டாவது கேள்வியின் பதில்தான் தங்கம். "ஸ்டாக் ரிப்போர்ட்டும் உண்மையான ஸ்டாக்கும் ஒத்துப்போவதில்லை, அதுதான் தலைவலி" என்று அவர் சொன்னால், ரெஸ்யூமேயில் ஐந்தாவது வரியில் கிடக்கும் உங்கள் இருப்புச் சரிபார்ப்பு அனுபவம் முதல் வரிக்கு ஏற வேண்டும். இந்தத் தகவல் எந்த விளம்பரத்திலும் இருக்காது.

14ஆவது நிமிடம் நீங்களே நேரத்தை நினைவூட்டுங்கள். பேச்சு நன்றாகப் போயிருந்தால் இப்போது கேட்கலாம்: "என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவரை, இந்த இடத்துக்கு என் பெயரைக் கொடுப்பது சரி என்று படுகிறதா?" மறுக்கவும் வழி விட்டுக் கேட்பதால் அவர் நாளைக்கும் உங்களிடம் பேசுவார். சம்மதித்தால், அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்யும்படி நான்கு வரி எழுதி அன்றே அனுப்புங்கள்: பெயர், ஜாப் ஐடி, எத்தனை வருட அனுபவம், எண்ணோடு ஒரு சாதனை. அவரே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

7. விண்ணப்பித்தல்

விளம்பரத்தில் உள்ள சொல்லையே ரெஸ்யூமேயிலும் எழுதுங்கள். அவர்கள் ‘இன்வென்டரி ரிகன்சிலியேஷன்’ என்று எழுதியிருக்கும்போது நீங்கள் ‘ஸ்டாக் செக்கிங்’ என்று எழுதினால், அந்தச் சொல்லை வைத்து ஆள் தேடும் ரெக்ரூட்டருக்கு நீங்கள் அகப்பட மாட்டீர்கள். செய்யாத வேலைக்கான சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள், முதல் இன்டர்வியூவிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முழு ரெஸ்யூமேயையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்று வரிச் சுருக்கம், கடைசி வேலையின் முதல் மூன்று குறிப்புகள், திறன்களின் வரிசை ஆகியவற்றை மாற்றினால் போதும், 30 நிமிட வேலை. பதிவேற்றியதும் படிவத்தில் தானாக நிரம்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தேதிகள் இடம் மாறியிருப்பது சகஜம்.

8. பின்தொடர்தல்

செய்திக்குப் பதில் இல்லையென்றால் ஐந்து வேலைநாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் அதே நிறுவனத்தில் அடுத்த ஆளுக்கு எழுதுங்கள். விண்ணப்பித்து 7 முதல் 10 நாளில் தகவல் இல்லையென்றால், பெயர் கொடுத்தவரிடம் "நிலை என்ன என்று உள்ளே பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். பல நிறுவனங்களில் ரெஃபரல் கொடுத்தவருக்கு அது அவருடைய தளத்திலேயே தெரியும்.

இன்டர்வியூ அழைப்பு வந்தால் அவருக்கு முதலில் சொல்லுங்கள். மேலாளர் திடீரென்று அவரிடம் உங்களைப் பற்றிக் கேட்கும்போது அவர் விழிக்கக் கூடாது.

9. வாரக் கணக்கு

வாரத்துக்கு 10 மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தளங்களுக்கு 3, ஆட்களுக்கு எழுதவும் பேசவும் 4, ரெஸ்யூமே திருத்தி விண்ணப்பிக்க இரண்டரை, கணக்குத் தாளுக்கு அரை மணி. தளங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்காவிட்டால் அவை முழு நாளையும் விழுங்கும், நிறைய வேலை செய்துவிட்ட உணர்வையும் தரும். வாரம் 5 விண்ணப்பம் இப்படிச் செய்தால் போதும்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் தாளைப் படியுங்கள். எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். 20 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பும் இல்லையென்றால், பணிப்பெயர் பொருந்தவில்லை அல்லது ரெஸ்யூமேயின் மேல்பாதி பேசவில்லை. 10 பேருக்கு எழுதி ஒருவரும் பதிலளிக்கவில்லையென்றால் செய்தி நீளம், அல்லது மிகத் தூரத்து ஆட்களாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். முதல் போன் அழைப்போடு நின்றுபோகிறதென்றால் சம்பள எதிர்பார்ப்பையும், விலகிய காரணத்தைச் சொல்லும் விதத்தையும் பாருங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

10. கவனம் தேவைப்படும் இடங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடியுங்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உங்களுக்குத்தான் பணம் தரும். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயர், நிறுவனத் தளத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஏமாற்றுவது வழக்கம். வங்கி விவரம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வேலை உறுதியாகும் முன் கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள், ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள், லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதைக் காட்டும் ‘ஓப்பன் டு ஒர்க்’ அடையாளத்தை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாதபடி தளம் முயலும், ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. அலுவலக லேப்டாப்பையும் அலுவலக மின்னஞ்சலையும் தேடலுக்குத் தொடவே தொடாதீர்கள்.

11. ஆஃபர் வந்த பிறகு

எழுத்துபூர்வமான ஆஃபர் கைக்கு வரும்வரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். வந்து கையெழுத்திட்ட பிறகு, நிலுவையில் உள்ளவற்றைத் தளத்தில் திரும்பப் பெறுங்கள். உங்கள் பெயரைக் கொடுத்த ஒவ்வொருவருக்கும், வேறு இடத்தில் சேருகிறீர்கள் என்றாலும், இரண்டு வரி எழுதிச் சொல்லுங்கள். அவர்கள் உள்ளே உங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள், நீங்கள் வரவில்லை என்பது மேலாளர் மூலம் அவர்களுக்குத் தெரியக் கூடாது. அலர்ட்களை நிறுத்துங்கள், கணக்குத் தாளையும் பெயர்ப் பட்டியலையும் மட்டும் அழிக்காமல் வையுங்கள். அந்த 40 பெயர்களில் ஒருவர் அடுத்த மாதமே உங்கள் புதிய நிறுவனத்தின் ஜாப் ஐடி ஒன்றோடு உங்களுக்கு எழுதலாம்.